குடி, புகை, உடல் பருமன்: மருத்துவக் காப்பீடு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நானே தேடிக்கொண்ட நோய்தானே, கம்பெனி பணம் தருமா?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். "ஊதித் தள்ளியவனுக்கு என் பிரீமியத்திலிருந்து ஏன் தர வேண்டும்?" என்று கேட்பவர்கள் மறுபக்கம். இரண்டுக்கும் இந்தியாவில் இன்றுள்ள விதிகளின்படி இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் விலக்குகளை, அதாவது பாலிசி பணம் தராது என்று ஒதுக்கி வைப்பவற்றை, ஒரே வாசகமாக்கி எண் கொடுத்தது. 2024-இல் காத்திருப்புக் காலங்களை, அதாவது பாலிசி எடுத்த பிறகு சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத மாதங்களை, குறைத்தது. நீங்கள் வைத்திருப்பது எந்த நிறுவனத்தின் பாலிசியானாலும் இந்த இரண்டும் அதற்குப் பொருந்தும்.

சிகரெட் பிடிப்பவருக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். புகைப்பவர் என்பதற்காக மட்டும் கதவடைப்பது அரிது. எண்ணிக்கை, வயது, கூடவே உள்ள நோய்கள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம். கூட்டினால் பாலிசி தருவதற்கு முன்பே உங்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். மாதம் இரண்டு பாக்கெட் பிடிக்கும் 30 வயதுக்காரரிடம் பல நிறுவனங்கள் ஒன்றும் கூட்டுவதில்லை. உண்மையைச் சொல்வதால் பெரும்பாலும் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாய்தான் கூடும். மறைத்தால் முழு க்ளெய்மும் போகலாம்.

ப்ரொபோசல் ஃபாரத்தில் என்ன கேட்பார்கள்? எப்படி நிரப்புவது?

நாளுக்கு எத்தனை சிகரெட் அல்லது பீடி, எத்தனை பொட்டலம் புகையிலை அல்லது குட்கா, வாரத்துக்கு எத்தனை மில்லி மது, எத்தனை ஆண்டுகளாக என்று கேட்பார்கள். "எப்போதாவது" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் ஒரு மாதிரி வாசிப்பீர்கள், க்ளெய்ம் பிரிவில் இருப்பவர் வேறு மாதிரி வாசிப்பார். எண்ணாகவே எழுதுங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. வாரம் இரண்டு என்றால் 360 மில்லி. பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. விட்டுவிட்டவர் விட்ட மாதத்தையும் ஆண்டையும் எழுதலாம்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: வெற்றிலையோடு போடும் புகையிலை. வீட்டில் வயதான அம்மாவோ மாமியாரோ 30 ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் அதை ஒரு பழக்கமாகவே கணக்கில் எடுப்பதில்லை. குடும்ப பாலிசியில் அப்பாவுக்கு "சிகரெட் உண்டு" என்று நேர்மையாக எழுதிவிட்டு, அம்மாவுக்கு எல்லாக் கட்டத்திலும் "இல்லை" போட்டிருப்பார்கள். பிறகு கன்னத்தில் ஆறாத புண் வந்து பயாப்சி எடுக்கும்போது, டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே புகையிலை எத்தனை வருஷம் என்பதுதான். பதில் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்டு நிரப்புங்கள்.

ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிட்டார். இப்போது என்ன செய்வது?

பாலிசியோடு நீங்கள் கொடுத்த படிவத்தின் நகலும் வரும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் பரிசீலனைக் காலம் உண்டு. அதற்குள் படித்துப் பார்த்துத் தவறை மின்னஞ்சலில் தெரிவியுங்கள். அதில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: பாலிசி எண், எந்தக் கேள்வி, பதிவான பதில், சரியான பதில். ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது நிறுவனத்துக்குச் சொன்னதாகாது.

30 நாள் தாண்டிவிட்டதா? அப்போதும் எழுதலாம். நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டலாம், காத்திருப்புக் காலம் போடலாம், மோசமான நிலையில் ரத்தும் செய்யலாம். இந்தப் பயத்தில்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும்போது வரும் ரத்தைத் தாங்கிக்கொண்டு வேறு பாலிசி எடுக்கலாம். ஐசியு வாசலில் வரும் ரத்தை என்ன செய்ய முடியும்?

"ஓடிபி நான் சொல்லவில்லை, அவரே போட்டுக்கொண்டார்" என்ற வாதம் நிற்பது கடினம். உங்கள் கைபேசிக்கு வந்த எண்ணைக் கொடுத்தது உங்கள் கையெழுத்துக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

மறைத்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வழிகள். ஒன்று, பாலிசிக்கு முந்தைய பரிசோதனை. நிக்கோட்டின் உடலில் கோட்டினின் என்ற பொருளாக மாறி, கடைசி சிகரெட்டுக்குப் பிறகும் சில நாட்கள் சிறுநீரிலும் ரத்தத்திலும் தென்படும். காலையில் பிடிக்காமல் போனால் தப்பிவிடலாம் என்பது நடக்காது. மதுவுக்குக் கல்லீரல் பரிசோதனையில் ஜிஜிடி அளவையும் ரத்த அணுக்களின் சராசரிப் பருமனையும் பார்ப்பார்கள். இவை வேறு காரணங்களாலும் ஏறும் என்பதால் சந்தேகத்தைத்தான் எழுப்பும், முடிவான சான்றாகாது.

இரண்டாவது வழிதான் பெரியது: ஆஸ்பத்திரிக் காகிதங்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாக.

மதுவால் வந்த நோய்க்குப் பணம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. தரப்படுத்தப்பட்ட விலக்குகளில் 12-ஆவது எண்: மது அடிமைத்தனம், போதைப்பொருள் பயன்பாடு, அடிமைப்படுத்தும் எந்த நிலையானாலும் அதற்கான சிகிச்சையும் "அதன் விளைவுகளும்" விலக்கு. மதுவால் வந்த கல்லீரல் சுருக்கம், மதுவால் வந்த கணைய அழற்சி என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் அந்தக் கடைசிச் சொல்லை வைத்துத்தான் மறுப்பார்கள். நீங்கள் குடிப்பதைப் படிவத்தில் ஒழுங்காகச் சொல்லியிருந்தாலும் இந்த விலக்கு நீடிக்கும். சொன்னதால் பாலிசியின் மற்ற பகுதிகள் காப்பாற்றப்படும், அவ்வளவுதான். குடிப்பவருக்கு டெங்கு வந்தாலோ குடல்வால் வீங்கினாலோ பணம் வர வேண்டும்.

ஆனால் விலக்கில் விழுவதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம். நோயாளி குடிப்பவர் என்பதும், இந்த நோய் குடியால் வந்தது என்பதும் இரு வேறு செய்திகள். கல்லீரல் சுருக்கம் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும் கொழுப்புக் கல்லீரலாலும் வரும். கணைய அழற்சி பித்தப்பைக் கல்லாலும், ட்ரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினாலும் வரும். நிராகரிப்புக் கடிதத்தில் "நோயாளி மது அருந்துபவர், எனவே" என்று மட்டும் இருந்தால் அதை எதிர்த்துப் போராட இடமிருக்கிறது.

மறைத்தவரின் நிலைமை வேறு. எல்ஐசியின் ஜீவன் ஆரோக்யா பாலிசி ஒன்றில், மதுப் பழக்கம் பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று பதிலளித்தவர் ஓராண்டு அளவில் வயிற்று வலியோடு சேர்க்கப்பட்டு இறந்தார். ஆவணங்களில் நீண்டநாள் மதுப் பழக்கம் பதிவாகியிருந்தது. நுகர்வோர் ஆணையங்கள் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, எல்ஐசி மறுத்தது சரியே என்றது.

புகைபிடிப்பதும் "அடிமைப்படுத்தும் நிலை"தானே? நுரையீரல் புற்றுநோயையும் அதே விலக்கில் தள்ளலாமா?

சில நிறுவனங்கள் முயன்றிருக்கின்றன. சிகிச்சைக் காகிதத்தில் புகைப்பழக்கம் குறிப்பிடப்பட்டிருந்ததைக் காட்டி நுரையீரல் புற்றுநோய்க்கான தொகையை மறுத்த ஒரு வழக்கில், அகமதாபாத் நுகர்வோர் ஆணையம் பணத்தைத் தரச் சொன்னது. புகையால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும், புகைக்காதவர்களுக்கும் அந்தப் புற்றுநோய் வருகிறது என்பதே அதன் காரணம். விலக்கின் வாசகத்தில் மதுவின் பெயர் இருக்கிறது, புகையிலையின் பெயர் இல்லை. நடைமுறையில் புகையோடு தொடர்புடைய மாரடைப்பு, நுரையீரல் நோய், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் வழக்கமாகப் பணம் தரப்படுகிறது. தகராறு வருவது பழக்கத்தை மறைத்தபோதுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இரவு 2 மணிக்கு அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் நோயாளியின் பழக்கங்களைக் கேட்பார். நோயாளி பேசும் நிலையில் இருக்கமாட்டார். கூட வந்த மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ, "குடிப்பார் சார், ரொம்ப வருஷமா" என்பார். கேஸ் ஷீட்டில் "நாள்பட்ட குடிநோயாளி, 20 ஆண்டுகள்" என்று ஏறும். மாதம் ஒருமுறை பீர் குடிப்பவரும் தினம் அரை பாட்டில் குடிப்பவரும் அந்த ஒரே வரியில் அடங்கிவிடுவார்கள். மூன்று நாள் கழித்து அதே வரி டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும். அங்கிருந்து, நிறுவனத்துக்காக க்ளெய்மைப் பரிசீலிக்கும் அமைப்பான டிபிஏவின் மேசைக்குப் போகும்.

அடுத்து, கேஷ்லெஸ் (நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குப் பணம் கட்டும் முறை) கேட்கும் முன் அனுமதிப் படிவம். அதில் மருத்துவமனை நிரப்பும் பகுதியில் நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, புற்றுநோய் ஆகியவற்றோடு "மது அல்லது போதைப் பழக்கம்" என்று ஒரு கட்டம் உண்டு. எதிரே எந்த மாதம், எந்த ஆண்டு முதல் என்று எழுத வேண்டும். விபத்து என்றால் "மது அருந்தியதால் ஏற்பட்டதா, அதை உறுதிசெய்யப் பரிசோதனை நடந்ததா" என்று இரண்டு கேள்விகள் தனியாக இருக்கும். இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கும் பையன் அவசரத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவான். அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை வாங்கிப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை: விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் பதில் சொல்லட்டும். அளவையும் காலத்தையும் எண்ணில் சொல்லுங்கள். தவறாக ஏறியிருந்தால் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் சிகிச்சை தரும் டாக்டரிடம் சொல்லி, அவர் கையெழுத்தோடு திருத்தம் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து வாங்கும் திருத்தக் கடிதத்தை எந்த நிறுவனமும் நம்பத் தயங்கும். உண்மையாக உள்ளதை அழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். முதல் நாள் பரிசோதனைச் சீட்டில் ஒன்றும் சம்மரியில் இன்னொன்றுமாக இருந்தால், நியாயமான க்ளெய்மும் மோசடி விசாரணைக்குப் போய்விடும்.

சிகரெட் கணக்கில் "பேக் இயர்" என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். மருத்துவக் கணக்கில் ஒரு பேக் என்பது 20 சிகரெட். நாளுக்கு ஒரு பேக் வீதம் ஓராண்டு பிடித்தால் ஒரு பேக் இயர். நாளுக்கு 10 வீதம் 20 ஆண்டுகள் என்றால் 10 பேக் இயர். நம் ஊர்ப் பாக்கெட்டில் 10 இருப்பதால் சிலர் இதை இரட்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள்.

"நோய்க்கான காரணத்தைச் சான்றளிக்கவும்" என்று டிபிஏ கேட்கிறது. என்ன கொடுப்பது?

கல்லீரல், கணையம், வலிப்பு, கீழே விழுந்து தலையில் அடி ஆகியவற்றில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "மதுவால் அல்ல" என்று ஒரே வரியில் டாக்டர் எழுதித் தந்தால் போதாது. என்னென்ன சோதிக்கப்பட்டது என்பது அதில் இருக்க வேண்டும். கணைய அழற்சி என்றால் பித்தப்பைக் கல்லுக்கான ஸ்கேன், ட்ரைகிளிசரைடு, கால்சியம். கல்லீரல் என்றால் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை, கல்லீரல் நொதிகள், முந்தைய ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் பதிவாகியிருந்தால் அதன் தேதி. கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டில் முதலாவது மற்றதைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தால் மதுவைச் சந்தேகிப்பார்கள். டாக்டர் அதையும் விளக்கட்டும். எவ்வளவு தேடியும் காரணம் புலப்படவில்லை என்றால் அப்படியே எழுதலாம். காரணம் தெரியாத நோய் என்பதற்காகவே ஒன்றை விலக்கி வைக்கக் கூடாது என்று 2019 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி விபத்து. ஹெல்மெட் போடாமல் விபத்து. இரண்டும் ஒன்றா?

இல்லை. ஹெல்மெட் போடாதது அபராதத்துக்குரிய தவறு. 10-ஆவது விலக்கு "குற்ற நோக்கத்தோடு" சட்டத்தை மீறுவதைத்தான் சொல்கிறது. ஹெல்மெட்டைக் காட்டி மருத்துவச் செலவை மறுத்தால் அது நிற்காது.

குடித்து ஓட்டுவதில் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதைத் தாண்டிய ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் நிறுவனத்தின் கை ஓங்கும். பரிசோதனை இல்லாமல் "மது வாசனை" என்ற குறிப்பு மட்டும் இருந்தால் வழக்கு இழுபறிதான். மோட்டார் பாலிசி ஒன்றில், பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்ற ஆதாரங்களால் நிறுவனம் நிரூபிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், "டெஸ்ட் எடுக்கலையே" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. தனிநபர் விபத்து பாலிசிகளில் போதையில் நேர்ந்த விபத்து பொதுவாக நேரடியாகவே விலக்கப்பட்டிருக்கும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையே சாப்பிடவில்லை. கால் புண்ணாகிச் சேர்த்தார்கள். அலட்சியம் என்று மறுக்கலாமா?

மறுக்க முடியாது. பலருக்கும் தெரியாத விதி இது. மருத்துவ ஆலோசனையை நாடாதது, பின்பற்றாதது, சிகிச்சையைத் தொடராதது ஆகியவற்றைப் பாலிசியில் விலக்காக வைக்கவே கூடாது என்று 2019 வழிகாட்டுதல்களின் தடைப் பட்டியலில் இருக்கிறது. பத்தியம் இருக்கவில்லை, நடைப்பயிற்சி போகவில்லை என்பதும் அதே கணக்குதான். நீரிழிவு பாலிசிக்கு முன்பே இருந்ததா, சொன்னீர்களா, காத்திருப்புக் காலம் முடிந்ததா என்ற மூன்றை மட்டும் பார்க்கலாம். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48 ஆக இருந்தது.

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை?

6-ஆவது விலக்கு என்றாலும் அதற்குள்ளேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. வயது 18 அல்லது அதற்கு மேல், டாக்டரின் பரிந்துரை, மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டது, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் என்றால் கிடைக்கும். 35 அல்லது அதற்கு மேல் இருந்து, எடை குறைக்கும் மற்ற முயற்சிகள் தோற்று, கூடவே இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, மருந்துக்குக் கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கிடைக்கும்.

பிஎம்ஐ கணக்கு: எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 112 கிலோவும் என்றால் 41. அதே உயரத்தில் 96 கிலோ என்றால் 35-ஐச் சற்றுத் தாண்டும். இங்கே நடக்கும் தவறு சாதாரணமானது. உயரத்தை அளக்காமல் நோயாளி சொன்னதை எழுதிவிடுவார்கள். 165-க்குப் பதில் 168 என்று எழுதினால் 96 கிலோக்காரர் 34-க்கு இறங்கிவிடுவார், அனுமதி போச்சு. செருப்பைக் கழற்றி அளந்து, எடையோடு தேதி போட்டுப் பதியச் சொல்லுங்கள். "மற்ற முயற்சிகள் தோற்றன" என்பதற்கு உணவியல் நிபுணரின் சீட்டுகள், எடைப் பதிவுகள், தூக்க ஆய்வு முடிவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பல பாலிசிகளில் இதற்குத் தனிக் காத்திருப்புக் காலமும் உண்டு. கொழுப்பை உறிஞ்சி எடுப்பது அழகுச் சிகிச்சைக் கணக்கில் போகும், அதற்குப் பணம் இல்லை.

மலையேற்றம், ஸ்கூபா, பைக் ரேஸ்?

9-ஆவது விலக்கு "தொழில்முறையாக" பங்கேற்பவருக்குத்தான். சுற்றுலா போன இடத்தில் ஒருநாள் ஸ்கூபா செய்து காதுச் சவ்வு கிழிந்தவர் இதில் வரமாட்டார். ஜல்லிக்கட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் முழுமையானதல்ல என்பதால் வாதிடுவார்கள். ஆனால் பொங்கலுக்கு மாடு பிடிக்க இறங்குபவரைத் தொழில்முறை வீரர் என்று காட்டுவது எளிதல்ல.

குடியை விடுவதற்கான சிகிச்சைக்கே பணம் இல்லையா?

இங்கேதான் சட்டமும் பாலிசியும் முட்டிக்கொள்கின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் "மனநோய்" என்பதன் வரையறையே மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 12-ஆவது விலக்கோ அதைத் தள்ளி வைக்கிறது. போதை மறுவாழ்வு மையத்தின் பில் கொடுத்தால் இன்றும் நிராகரிப்புதான் வரும். எங்கள் பார்வையில் இது விதிகளிலேயே மோசமான ஓட்டை. குடிப்பவரின் கல்லீரலுக்கும் பணம் இல்லை, குடியை நிறுத்தவும் பணம் இல்லை. உடனடி உதவிக்கு, அரசின் இலவச மனநல எண் 14416. புகையிலையை விட 1800 11 2356.

புகைக்காத நான் ஏன் புகைப்பவரின் செலவைச் சுமக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. காப்பீடு என்பது சீட்டு மாதிரி இல்லை, போட்டவருக்கு எடுக்கும் முறை வராது. 100 பேர் போட்டு, விழுந்த நாலு பேருக்கு எடுத்துக் கொடுப்பது. விழும் வாய்ப்பு அதிகம் உள்ளவர் கூடுதலாகப் போட வேண்டும் என்பதில் தவறில்லை. அதனால் பழக்கத்தைப் பார்த்துப் பிரீமியத்தை வேறுபடுத்துவதை நாங்கள் ஏற்கிறோம். பாலிசி எடுக்கும் நாளில் அது எல்லோருக்கும் தெரிந்து நடக்கிறது, பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகலாம்.

படுக்கையில் விழுந்த பிறகு "உன் தப்பு" என்று பணத்தை நிறுத்துவதுதான் ஏற்க முடியாதது. காரணம் இரக்கம் மட்டுமல்ல. ஒரு கூட்டத்துக்குச் சொல்ல முடிகிற கணக்கை ஒரு ஆளுக்குச் சொல்ல முடியாது. புகைப்பவர்களில் நுரையீரல் நோய் பல மடங்கு என்பது நிச்சயம். இந்த ஒருவருக்கு வந்தது சிகரெட்டாலா, 15 ஆண்டுகள் கல் குவாரியில் தூசி குடித்ததாலா என்று யார் பிரித்துச் சொல்வது? விறகடுப்பின் முன் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்த, சிகரெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெண்களுக்கு அதே நோய் வருகிறது. நீரிழிவை எடுத்துக்கொண்டால், 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு அது உண்டு. நம்மவர்களுக்கு ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே வருகிறது. அதில் பரம்பரை எவ்வளவு, மூன்று வேளைச் சோறு எவ்வளவு, ராத்திரி ஷிப்ட் எவ்வளவு?

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பழக்கத்தை விலக்கினால் அடுத்ததை விலக்கக் கை நீளும். இன்று மது, நாளை பரோட்டா, மறுநாள் உட்கார்ந்தே வேலை பார்ப்பது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் பயப்படும் நோயாளிகள் பெருகுவார்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு நோயாளி குடிப்பவரா என்று தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். க்ளெய்முக்குப் பயந்து மறைப்பவர் அறுவைசிகிச்சை மேசையில் அதற்கான விலையைத் தரலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி நெருடல். 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். வரியும் விலையில் சேர்ந்தே வருகிறது. வாங்கும்போது பணம் கட்டியவனை நோயில் விழுந்ததும் "நீயாகத் தேடிக்கொண்டது" என்று சொல்வது யாருக்கும் பொருந்தவில்லை.

மற்ற நாடுகளில்?

அமெரிக்காவில் ஒபாமா காலச் சட்டப்படி தனிநபர் சந்தையில் புகைப்பவரிடம் 50 சதவீதம் வரை கூடுதலாக வாங்கலாம். உடல் எடையையோ முன்பே உள்ள நோயையோ காட்டிக் கூட்ட முடியாது. சில மாநிலங்கள் புகைக்கான கூடுதலையும் தடுத்துவிட்டன. ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் புகை, குடி நோய்களுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பச்சை குத்தியதாலும் உடல் துளையிட்டதாலும் அழகு அறுவையாலும் வந்த சிக்கல்களில் நோயாளியும் செலவில் பங்கு தர வேண்டும். விசித்திரமான கோடுதான்.

முதலமைச்சர் காப்பீடு, இஎஸ்ஐ, கம்பெனி பாலிசி இவற்றில் பழக்கங்களைக் கேட்பார்களா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. இஎஸ்ஐயில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், பழக்கத்தைப் பற்றிப் படிவம் இல்லை. கம்பெனி குழு பாலிசியில் பொதுவாகத் தனிப்பட்ட கேள்வித்தாள் இருக்காது, முன்பே உள்ள நோயும் முதல் நாளிலிருந்தே சேரும். மது விலக்கு மட்டும் பெரும்பாலான குழு பாலிசிகளிலும் அப்படியே இருக்கும். வேலையை விடும்போது அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறப் போகிறீர்கள் என்றால், அந்தப் படிவத்தில் பழக்கங்களைக் கேட்பார்கள்.

பாலிசி எடுத்த பிறகு புகைக்கத் தொடங்கினேன். சொல்ல வேண்டுமா?

சொல்லும் கடமை எடுக்கும் நாளின் நிலையைப் பற்றியது. புதுப்பிக்கும்போது, காப்பீட்டுத் தொகையைக் கூட்டாதவரை, புதிதாக மதிப்பிடக் கூடாது. க்ளெய்ம் வாங்கினீர்கள் என்று உங்களுக்கு மட்டும் பிரீமியத்தைக் கூட்டவும் கூடாது. தொகையைக் கூட்டினாலோ வேறு நிறுவனத்துக்கு மாறினாலோ அன்றைய உண்மை நிலையைச் சொல்லியாக வேண்டும்.

நடந்தால் தள்ளுபடி என்கிறார்களே?

ஐஆர்டிஏஐ அனுமதித்த ஒன்று. நாளுக்கு 10,000 அடி என்பது போன்ற இலக்குகளை ஆப்பில் எட்டினால் அடுத்த பிரீமியத்தில் குறைப்பார்கள். தண்டிப்பதைவிட நல்ல வழி. ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்கும் ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவருக்கும் இது எட்டாக்கனி. தள்ளுபடியை நம்பி விலை கூடிய பாலிசி எடுக்காதீர்கள்.

5 ஆண்டு ஆகிவிட்டால் எதையும் கேட்க முடியாதாமே?

பாதி உண்மை. விடாமல் 60 மாதம் கட்டியிருந்தால், மறைத்தார், தவறாகச் சொன்னார் என்ற காரணத்தில் க்ளெய்மை மறுக்க முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டும் விதிவிலக்கு. முன்பு இது 8 ஆண்டாக இருந்தது. நடுவில் கூட்டிய தொகைக்குக் கூட்டிய நாளிலிருந்து தனிக் கணக்கு. ஆனால் விலக்குகள் ஒப்பந்தத்தின் பகுதி என்பதால் 60 மாதம் அவற்றைத் தொடாது. ஆறாம் ஆண்டிலும் மது விலக்கு மது விலக்குதான். சிலர் குழப்பிக்கொள்ளும், காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின் 3 ஆண்டு, ஆயுள் காப்பீட்டுக்கு உரியது.

நிராகரித்துவிட்டார்கள். எங்கே போவது?

முதலில் கடிதத்தில் எந்த விலக்கு, எந்த ஆவணம், எந்த வரி என்று இருக்கிறதா பாருங்கள். 2024 விதிப்படி நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது. அந்த ஒப்புதலைக் கேளுங்கள். கேஸ் ஷீட்டின் முழு நகலை மருத்துவமனையிலிருந்து வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். அதோடு ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவிலோ 155255 எண்ணிலோ பதியலாம்.

பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம், தேனாம்பேட்டை அண்ணா சாலையில். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதற்குக் காலக்கெடு 2 ஆண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் வழக்கு நடத்த முடியாது.

மனுவில் "அவர் நல்லவர், கொஞ்சம்தான் குடிப்பார்" என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். நோய்க்கான காரணத்தை நிரூபிக்கும் பரிசோதனை எது, அதன் தேதி என்ன, நிறுவனம் எந்தச் சான்றைக் காட்டவில்லை என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இணைப்பு எண்ணைப் போடுங்கள்.